பெயர் இல்லாத அறுபத்திரண்டு கடிதங்கள்

5.12.2002, வியாழன்

மழை. ஹம்பேர்க் மழைக்குக் கோபமும் இல்லை, ஓய்வும் இல்லை. காற்சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். அரிசி முடிந்துவிட்டது.

துறைமுகக் களஞ்சியத்தில் இன்று வாழைக்குலை மூன்று கொள்கலன். எல்லாம் பச்சைக் காய். என் இடுப்பு முறிந்த பிறகுதான் அவை பழுக்கும்.

வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்தால் விசா அலுவலகக் கடிதம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் ஒரே பதில். க.வுக்கு விசா இல்லை. (மனைவி கமலாவை இந்தக் கொப்பியில் க. என்றே எழுதிப் பழகிவிட்டது.) எங்கள் திருமணம் உண்மையானதா என்பதில் ஐயமாம். காரணங்கள்:

1. நேர்காணலில் விண்ணப்பதாரி கணவரின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்கப்பட்டது. படிவத்தைத் தொட்டுக் காட்டினார்.

2. ஐந்து மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். பதினொரு வருடம் பிரிந்திருக்கிறார்கள்.

3. பிரிந்திருந்த காலத்தில் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

ஒரு மாதத்துக்குள் மறுப்பு எழுதலாம்.

மூன்றாவதுக்குப் பதில் கட்டிலின் கீழே பிஸ்கற் தகரப் பேணிக்குள் கிடக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான். க. எழுதிய கடிதங்களைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அதெல்லாம் அலுவலகத்துக்கு உரிய பொருளா?

முதலாவதை வாசித்துச் சிரித்தேன். பிறகு சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். க. என் பெயரைச் சொல்வாளாமா! கல்யாணமான அன்றிலிருந்து அவளுக்கு நான் "இஞ்சருங்கோ." புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று வளர்ந்தவள். இங்கே நம் பெட்டைகள் புருசனை "டேய்" என்கிறார்கள். அவன்களும் கொழுத்துப்போய் நன்றாகத்தான் இருக்கிறான்கள்.

அந்த அதிகாரியிலும் பிழையில்லை. புருசன் பெயர் சொல்லத் தெரியாத பெண்ணை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

6.12.2002, வெள்ளி

வேலை முடிந்து தவம் அண்ணை கடைக்குப் போனேன். பெரிய ஸ்டேசனுக்குப் பின்னால், பத்து வருடமாக அதே இடம், அதே மிளகாய்த்தூள் தும்மல். தொலைபேசி அட்டை வாங்கி, கடையின் பின்னறையிலிருந்தே வவுனியாவுக்கு எடுத்தேன். க. இப்போது அங்கே சின்னம்மா வீட்டில். பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரன் ஆள் விட்டுக் கூப்பிடுவான். இருபது நிமிடம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

"இஞ்சருங்கோ, என்னவாம்?"

"இல்லையெண்டு எழுதியிருக்கினம். நீ ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?"

"தாளிலை எழுதிக் கிடக்குத்தானே. தொட்டுக் காட்டினனான்."

"தொட்டுக் காட்டினால் காணாது. வாயாலை சொல்லோணும்."

"என்னாலை ஏலாது."

"ஒரு சொல், கமலா."

"உங்களுக்கு அது ஒரு சொல். அக்கா பங்கீட்டு அட்டை எடுக்கப் போன இடத்திலை அத்தான்ரை பேரைச் சொன்னவ. மூண்டாம் நாள் அத்தான் இல்லை."

"அது செல் குண்டு விழுந்து. பேர் சொல்லி இல்லை."

"அவ்வளவு வீடு இருக்க, செல் ஏன் அந்த வீட்டிலை விழுந்தது?"

கத்தினேன். விசர்க் கதை கதைக்காதே என்று சொன்னேன். அட்டை முடிகிற பீப் சத்தம். அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள், வெட்டுப்பட்டது.

தவம் அண்ணை கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. "மனிசியோடை கத்துறதெண்டால் அஞ்சு ஒய்ரோ அட்டை எடுக்காதையும். பத்து எடும்," என்றார்.

8.12.2002, ஞாயிறு

வெளியே சாம்பல் வானம். சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

பேணியைத் திறந்தேன். மொத்தம் 62. மேல் மூலையில் இலக்கம் போட்டிருப்பாள். கடைசி இலக்கம் 65. வராதவை 7, 31, 32. பாதை பூட்டியிருந்த காலம். 19க்குப் பிறகு 14 வரும். அதனால்தான் இலக்கம். என் கடிதங்களுக்கும் அப்படியே. "உங்கடை 22 வந்தது, 21 வரேல்லை, 21இலை என்ன எழுதினீங்கள்?" இப்படி ஒரு வருடம் பின்தங்கித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது.

அவள் அப்போது வன்னியில், போர் எல்லைக்கு அந்தப் பக்கம். மாதம் ஒரு தரம் பென்சன்காரக் கிழவர்களுக்கு மட்டும் பாஸ் கொடுப்பார்கள், வவுனியாவுக்குப் போய்ப் பென்சன் எடுத்துவர. அதுதான் தபால். ஒரு ஐயா சைக்கிள் சீற்றின் கீழே கடிதங்களை மடித்து வைத்து அந்தப் பக்கச் சாவடியையும் தாண்டி, வெறும் வெளியையும் தாண்டி, இந்தப் பக்கச் சாவடியையும் தாண்டுவார். பிறகு கொழும்பு. பிறகு ஒரே பெரிய உறையில் எல்லாருடையதும் தவம் அண்ணை கடைக்கு. பிடிபட்டால் யாரும் மாட்டக்கூடாது என்று கடிதத்தின் வெளிப்புறத்தில் ஒருவரும் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு அடையாளம். க. தையல்காரி, கத்தரிக்கோல் கீறுவாள். தவம் அண்ணை நான் இருந்த அகதிமுகாமுக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, கத்தரிக்கோல் வந்திருக்கு" என்பார். அந்த ஒரு வசனத்துக்கு நான் எஸ்-பான் ரயிலில் டிக்கெட் இல்லாமல்கூட ஓடியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் வாசித்தேன். என் பெயரைத் தேடித்தான் தொடங்கினேன், பிறகு தேடுவதை மறந்துவிட்டேன்.

4: "இஞ்சருங்கோ, நீங்கள் போட்டிட்டுப் போன நீலச் சேட்டு இன்னும் தோய்க்கேல்லை. மாமி கேட்டவ. சவுக்காரம் இல்லையெண்டு சொன்னனான். சவுக்காரம் இருக்கு."

23 (இடம்பெயர்ந்த பிறகு, கலண்டர் தாளின் பின்பக்கத்தில்): "மெசினிலை தலையை மட்டும் தூக்கியந்தனான். காலை விட்டிட்டன். உங்கடை கடிதமெல்லாம் கொண்டந்திட்டன். சனம் அரிசி மூட்டையோடை வருது, நான் தாளோடை வந்தனான் எண்டு அக்கா ஏசுறா."

37: சட்டை தைத்து அனுப்பப் போகிறேன், அளவு அனுப்புங்கோ என்று கேட்டது. அளவு நாடா இல்லாமல் நான் ஒரு நூலை எடுத்து நெஞ்சுக்கு ஒரு முடிச்சு, வயிற்றுக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு போட்டு அனுப்பினேன். சாவடியில் அந்த நூலை வைத்துக்கொண்டு பென்சன் ஐயாவை இரண்டு மணித்தியாலம் விசாரித்தார்களாம், இது என்ன சங்கேதம் என்று.

38: "நூல் வந்தது. வயித்து முடிச்சை நம்ப ஏலாமல் கிடக்கு. உண்மையிலை இவ்வளவோ, இல்லாட்டி வழியிலை ஆரும் அவிட்டுக் கட்டினவையோ? நூலைத் திருப்பி அனுப்புறன். பத்திரம்."

நூல் இன்னும் அதே மடிப்புக்குள். இப்போது வயிற்று முடிச்சு எட்டவில்லை.

சட்டை 41ஆம் கடிதத்தோடு வந்தது. வெள்ளை. நெஞ்சு சரி, கை இரண்டும் விரல் நுனிவரை. கை முடிச்சைப் பிழையாகப் போட்டவன் நான்தான். அவளிடம் "அளவெண்டால் அளவு" என்று எழுதிவிட்டேன். ஒரு நாளும் போடவில்லை, ஒரு நாளும் எறியவுமில்லை. அலுமாரியில் இருக்கிறது.

அறுபத்திரண்டிலும் என் பெயர் இல்லை. எல்லாம் "இஞ்சருங்கோ"வில் தொடங்கி "உங்கடை நான்" என்று முடிகிறது. அவள் பெயரும் இல்லை. விசா அலுவலகத்துக்கு இதை யார் யாருக்கு எழுதியது என்று எப்படிக் காட்டுவது?

அந்தக் காலம் திரும்பி வரக்கூடாது. ஆனால் அந்தக் கடிதங்களைப் போல இப்போது தொலைபேசியில் எங்களுக்குக் கதைக்கத் தெரியவில்லை.

14.12.2002, சனி

காலை குளிர், வெயில். ரதி அக்கா வீட்டில் டெர்மின் (சந்திப்பு நேரம்), பதினொன்றுக்கு. அவ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம் என்று நம்மவர்களின் எல்லாத் தாளும் அவவின் மேசைக்குத்தான் வரும்.

பத்துக் கடிதம் போதும் என்றா. 4ஐக் கொடுப்பதா என்று வழியெல்லாம் யோசித்தேன். நீலச் சேட்டு. கடைசியில் கொடுத்தேன். அவ வாசிக்கும்போது நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது.

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினா.

"தம்பி, நல்ல கடிதங்கள். ஆனால் இதிலை நீர் எங்கை?"

"அதுதான் அக்கா பிரச்சினை."

"ஒரு இடத்திலையும் பேர் இல்லையே. நான் 'அன்புள்ள கணவருக்கு' எண்டு எழுத ஏலாது. இல்லாததைப் போட்டால் என்ரை முத்திரை போயிடும்."

பிறகு திரும்ப ஒரு தரம் புரட்டினா. "இஞ்சை பாரும். 'எட்டடிக்க எழும்பினன்.' 'பின்னேரம் நாலைப் போலை.' 'கோயிலிலை அடிச்சுக் கேட்டது.' என்ன அடிச்சது? ஏன் இந்தப் பிள்ளை ஒரு இடத்திலையும் மணி எண்டு எழுதேல்லை?"

நான் மணிவண்ணன். வீட்டில் மணி.

பதினொரு வருடம் இந்தக் கடிதங்களைக் கட்டிலின் கீழே வைத்துப் படுத்தவன், ஒரு நாளும் இதைக் காணவில்லை. அங்கேயே, ரதி அக்காவின் மேசைக்கு முன்னால், நாற்பது வயதில் அழுதேன். அவ தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டா. நல்ல மனுசி.

மற்ற 52ஐயும் கொண்டுவரச் சொன்னா. எல்லாவற்றிலும் தேடிப் பார்த்து, தனித் தாளில் குறிப்பு எழுதித் தருவாவாம்: எங்கள் ஊர்ப் பெண்கள் கணவன் பெயரையோ அதன் பகுதியையோ சொல்வதில்லை, இந்தக் கடிதங்களில் அந்தச் சொல் ஒரு தரம்கூட இல்லை என்று. "இருக்கிறதைக் காட்டித்தான் இவ்வளவு காலமும் சம்பாதிச்சனான். இல்லாததைக் காட்டிறது இதுதான் முதல் தரம்," என்றா.

25.12.2002, புதன்

நத்தார் விடுமுறை. நகரமே பூட்டு. மேல் வீட்டில் வாத்துப் பொரிக்கும் மணம். எனக்குப் பருப்பும் முட்டையும்.

தாள்களெல்லாம் 19ஆம் தேதியே அனுப்பியாகிவிட்டது. க.வோடு இரண்டு தரம் கதைத்தேன். மழையா, பனியா, சாப்பிட்டீங்களா. பெயர்ப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இன்று கடிதம் எழுதினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. என் கணக்கில் 59. தவம் அண்ணையின் மச்சாள் 28ஆம் தேதி ஊருக்குப் போகிறா, கொண்டுபோவா.

நாலு தாள் கிழித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: "கமலா, கத்தினது பிழை. திரும்பவும் கூப்பிடுவினம், திரும்பவும் பேர் கேப்பினம். உனக்கு ஏலுமெண்டால் சொல்லு. ஏலாட்டி விடு. நான் அதுக்காக உன்னோடை கோவிக்க மாட்டன். பதினொரு வருசம் கடிதத்திலை இருந்திட்டம், இன்னும் கொஞ்சம் இருப்பம். நீ பயந்து பயந்து இஞ்சை வந்து என்னைப் பாத்துக்கொண்டிருக்கிறதை விட அது நல்லது."

கடைசி வசனங்கள் உண்மையா என்று தெரியவில்லை. எழுதும்போது உண்மையாக இருந்தது. ஒட்டிய பிறகு இல்லை.

17.1.2003, வெள்ளி

ஈரக் குளிர். பொங்கல் முடிந்து கடையில் கரும்பு மிச்சம், பாதி விலை.

பதில் வந்தது! கடிதங்களும் விளக்கக் குறிப்பும் கிடைத்தன, கவனத்தில் எடுக்கப்பட்டன. இரண்டாம் நேர்காணல் பெப்ரவரி 5, கொழும்பு, காலை பத்து மணி. "கணவரின் அடையாளம் குறித்து விண்ணப்பதாரி வாய்மொழியாக உறுதிப்படுத்த வேண்டும்." இதற்கு மேல் ஒரு மறுப்பு எழுத வழியில்லை என்றும் கீழே ஒரு வரி.

தவம் அண்ணைக்குக் காட்டினேன். நத்தார்க் கடிதத்தில் என்ன எழுதினேன் என்பதையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏலாட்டி விடு எண்டு எழுதினனீரோ?" கையிலிருந்த தராசுத் தட்டை வைத்துவிட்டார். "உமக்கென்ன விசரோ? பத்து வருசம் உம்மடை கடிதத்தைக் காவினது நான். ஒரு சொல் கேட்டு எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை சொல்லியிருக்கும்."

"கேட்டுச் சொல்ல வைக்கேலாது அண்ணை."

"அப்ப இருந்து கடிதம் எழுதும்! எண்பது வயது மட்டும் எழுதும்! நான் செத்தால் கடையை ஆர் திறக்கிறது, ஆர் உமக்குக் கத்தரிக்கோல் வந்திருக்கெண்டு சொல்லுறது?"

மூன்று கரும்புத் துண்டைப் பையில் திணித்துவிட்டார், காசு வாங்காமல். கோபம் வந்தால் அவருக்கு அப்படித்தான்.

29.1.2003, புதன்

பனி தூவியது, தரையில் நிற்கவில்லை.

வேலையில் இருக்கும்போது தவம் அண்ணை மேற்பார்வையாளனின் தொலைபேசிக்கு எடுத்தார். ஜெர்மன்காரன் குழம்பிப்போய், "உனக்குக் கத்தரிக்கோல் வந்திருக்கிறதாம்" என்று வந்து சொன்னான். வாழைப்பழப் பெட்டியோடு நின்றபடி சிரித்தேன்.

66. மச்சாள் கையோடு கொண்டுவந்தது. நல்ல தாள், கோடு போட்டது.

"இஞ்சருங்கோ, உங்கடை 59 வந்தது. வாசிச்சிட்டு ரெண்டு நாள் சாப்பிடேல்லை. நீங்கள் சொல்லெண்டு கட்டளை போட்டிருந்தால் ஏலாதெண்டு சண்டை பிடிச்சிருப்பன். இப்ப ஆரோடை சண்டை பிடிக்கிறது?

"விடிய எழும்பிக் கிணத்தடியிலை ஒருக்காச் சொல்லிப் பாப்பமெண்டு வாயைத் திறந்தனான். வரேல்லை. வாளி கிணத்துக்கை விழுந்திட்டுது. சின்னம்மா ஏசினவ.

"இவ்வளவு சண்டைக்குள்ளையும் நீங்கள் உயிரோடை இருக்கிறது நான் சொல்லாமல் இருந்ததாலை எண்டு எனக்கொரு எண்ணம். சிரிக்காதேங்கோ. வேறை என்ன செய்யக்கூடியதா இருந்தது எனக்கு? நீங்கள் அங்கை, நான் இஞ்சை. அது ஒண்டுதான் நான் உங்களுக்குச் செய்த பணிவிடை. அதையும் விடச் சொல்லினம்.

"5ஆம் திகதி போவன். என்ன வருமோ தெரியாது. உங்கடை நான்."

சிரிக்கவில்லை.

4.2.2003, செவ்வாய்

பகல் உருகியது, பின்னேரம் உறைந்தது. படிக்கட்டெல்லாம் கண்ணாடி. உப்புத் தூவ வேண்டியவன் தூவவில்லை.

வாங்க வேண்டியது: பால், பல்பொடி, மின்குமிழ் (குளியலறை). க. கொழும்புக்குப் போய்விட்டாள். எடுக்க இலக்கம் இல்லை. நாளை அவளாக எடுக்க வேண்டும்.

அங்கே பத்து என்றால் இங்கே விடியற்காலை ஐந்து. நான் வேலைக்குப் போகும் நேரம்.

இந்தப் பெயர், ஆயுள் கதையெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதி வைக்கிறேன்.

5.2.2003, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோணல். மன்னிக்கவும் என்று எழுத வந்தேன், யாரிடம்?

காலை எஸ்-பான் படிக்கட்டில் சறுக்கி விழுந்தேன். ஏழு படி. வலது மணிக்கட்டு முறிவு, நெற்றியில் மூன்று தையல். மல்லாந்து கிடந்தபடி கண்ணில் பட்டது மேடைக் கடிகாரம் மட்டும். ஐந்து பத்து.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. பதினொன்றரைக்கு வீடு. கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ! நீங்களோ? நீங்களோ கதைக்கிறது?"

"ஓம், நான்தான்."

பெரிதாக அழுகை. பின்னால் கொழும்புப் பஸ் சத்தம்.

"நாலு தரம் எடுத்தனான். வேலைக்குப் போயிருப்பீங்களெண்டு தெரியும். தெரிஞ்சும் எடுத்தனான். உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"எனக்கென்ன. அங்கை என்ன நடந்தது?"

"சொல்லிட்டன்." மூக்கை உறிஞ்சினாள். "உள்ளை போய் இருந்த உடனை அந்த அதிகாரி அம்மா கேட்டவ. பத்து, பத்தேகால் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னனான். முழுப் பேரும். அவ திருப்பிச் சொல்லச் சொன்னவ. திருப்பியும் சொன்னனான். பிறகு உங்கடை சட்டை அளவு கேட்டவ! நூல்க் கதையை வாசிச்சிருக்கிறா. நெஞ்சு, வயிறு, கை எல்லாம் சொன்னனான். சிரிச்சவ. விசா தருவினமாம். எட்டுக் கிழமை செல்லுமாம்."

என் கை நெருப்பாக எரிந்தது. தொலைபேசியை இடது காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதோ? ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்? உண்மையிலை ஒண்டுமில்லையே? காலமை, அந்த நேரம், ஒண்டும் நடக்கேல்லையே?"

"ஒண்டும் நடக்கேல்லை. கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தன்."

"குரல் ஒரு மாதிரி."

"தடிமன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ," என்றாள். பிறகு ஒரு நிமிடம் சிரித்தாள், சும்மா. அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினொரு வருடம்.

மாவுக்கட்டு ஆறு கிழமை என்கிறார் வைத்தியர், எட்டும் ஆகலாமாம். அலுமாரியில் அவள் தைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வயிறு பூட்டவில்லை. கை விரல் நுனிவரை வந்து மாவுக்கட்டு எல்லாவற்றையும் மூடுகிறது.